கொலுப்படியில் ரோமாபுரிப் படை

எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினால் போர் தொடங்கிவிடும். ஒரு பக்கம் ரோமாபுரிப் படை, எதிரே திரேசியப் படை. ரோமாபுரிக்கு என் மாமனார், திரேசியருக்கு நான். தென்காசியில் அறுபதுகளின் நடுவில் ஒரு மாமனாரும் மருமகளும் வீட்டு நடுக்கூடத்தில் ஈயப் பொம்மைகளை நிறுத்திவைத்துச் சண்டை போட்டார்கள் என்றால் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கே எதிர்வீட்டுக்காரி நம்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சொத்து விவகாரம் பேசுவதாகத்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா செங்கோட்டைக்கு அப்பால் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பதுகளில் அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பியபோது ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்குக் கண்ணாடிச் சாமான் என்று கொடுத்துவிட்டு, மாமாவுக்கு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தாராம். உள்ளே விரல் உயரத்தில் ஈயத்தில் வார்த்து வர்ணம் பூசிய போர்வீரர்கள். கூடவே ஆட்டத்துக்கான விதிகள் என்று டைப் அடித்த சில தாள்கள். "நாற்காலி கெடைச்சவன் இன்னைக்கும் உக்காந்திருக்கான். எனக்குச் சொப்பு குடுத்துல்லா அனுப்பிட்டான்!" என்று மாமாவுக்கு வெகுநாள் ஆற்றாமை. பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

கல்யாணமாகி வந்த புதிதில், உருளி எடுக்கப் பரணில் ஏறியபோது அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. நான் சரித்திரம் படித்தவள். பி.ஏ. முடித்து, வாத்தியார் வேலைக்கான பி.டி.யும் முடித்திருந்தேன். திறந்து பார்த்தவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிவப்புச் சட்டை, ஆளை மறைக்கிற நீளக் கேடயம், வரிசை பிசகாமல் நிற்கிற கால்கள். இவர்கள் ரோமாபுரிக்காரர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மற்றவர்கள் தலையில் நரித்தோல் குல்லாய், கையில் பிறை வடிவத்தில் சின்னக் கேடயம். சிலர் நீளப் பிடி போட்ட வளைந்த வாளை இரண்டு கையாலும் ஓங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் திரேசியர்கள், கிரேக்க நாட்டுக்கு வடக்கே மலையிலும் காட்டிலும் இருந்தவர்கள், லேசில் யாருக்கும் அடங்காதவர்கள், ரோமாபுரி இவர்களை வழிக்குக் கொண்டுவருவதற்குள் படாத பாடு பட்டது என்று மாமாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் அந்த வளைந்த வாளையே உற்றுப் பார்த்தார். "அட, இது நம்ம ஊரு வெட்டரிவாள்லா!" என்றார்.

அப்படியும் தனக்கு ரோமாபுரியைத்தான் எடுத்துக்கொண்டார். எஸ்டேட்டில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கு எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். "இவன் நிக்கதைப் பாரு. இவன் பெரட்டுக்கு நேரத்துக்கு வாற ஆளு. ஒன் ஆளுங்க பூரா லீவு சொல்லாமலே வேலைக்கு வராத பயலுவ," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து திரேசியர்கள் என் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

பகடைக்கு அத்தையின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டோம். காலாள் ஒரு தடவைக்கு ஒரு சாண் நகரலாம், குதிரை இரண்டு சாண். யாருடைய சாண் என்று முதல் நாளே தகராறு வந்தது, ஏனென்றால் என் கை சின்னது. மாமா ஒரு விளக்குமாற்றுக் குச்சியை அளந்து ஒடித்து வைத்துவிட்டார். தாளில் ஒன்று எழுதியிருந்தால் அவருக்கு அதற்கு அப்பால் பேச்சே கிடையாது. என் ஈட்டிக்காரன் ஒருவன் குச்சியைத் தாண்டி ஒரு நெல் அளவுக்கு வெளியே நிற்கிறான் என்று திருப்பி வைக்கச் சொன்ன மனுஷன் அவர்.

"மருமகள்னு ஒரு இரக்கம் வேண்டாமா மாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"அதெல்லாம் அடுக்களையில. இங்கன நீ திரேசியக்காரி," என்றார்.

அவரிடம் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தோற்றுவிட்டு எழுந்து போய்ச் சாயங்காலக் காப்பியை ணங்கென்று அவர் முன்னால் வைப்பேன். அவர் ஒன்றும் தெரியாதவர் போல ஊதி ஊதிக் குடிப்பார். ஆனாலும் அந்த மத்தியானங்களுக்காகத்தான் நான் காலையிலிருந்து வேலைகளை ஓட ஓட முடிப்பேன். என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். அணைக்கட்டு வேலைகளில் முகாம் முகாமாக இருந்தார், வருவது அபூர்வம். படித்த படிப்பு மூளையில் துருப்பிடித்துப் போகாமல் இருந்தது அந்தப் பொம்மைகளால்தான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு வேலை உத்தரவு வந்தது. செங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குச் சேர வேண்டும். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. மாமா உத்தரவை இரண்டு தரம் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "வேண்டாம்," என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கு எழுதினேன். அப்பா சொல்கிறபடி செய் என்று ஒரு வரியில் பதில் போட்டார். அந்த மனுஷர் அணை கட்டுவதில் கெட்டிக்காரர். அப்பாவிடம் வாய் திறப்பதில் அல்ல.

அப்போது பட்டாசலில், எங்கள் பக்கத்தில் நடுக்கூடத்தை அப்படித்தான் சொல்வோம், பெரிய போர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அத்தை வாசுதேவநல்லூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு முழுவதும் எங்கள் ராஜ்யம். மலைமேல் நடக்கிற போர் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். விதிப்படி மலையை அடுக்கடுக்காகத்தான் கட்ட வேண்டும், எத்தனையாவது அடுக்கில் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. மாமா டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின்மேல் பலகை போட்டு, பச்சைப் போர்வையை விரித்து மூன்று அடுக்கு மலை கட்டினார். பலகைக்கு எங்கே போவார்? அத்தை வருஷா வருஷம் நவராத்திரிக்கு எடுக்கிற கொலுப்பலகைகளைத்தான் எடுத்தார். மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது என் படையில் பாதி பெட்டிக்குள் போயிருந்தது. மேல் அடுக்கில் என் அரிவாள்காரர்கள் கொஞ்சம் பேர் மிச்சம். மாமாவின் தளபதி பழுப்புக் குதிரைமேல் நடு அடுக்குக்கு ஏறி வந்துவிட்டான். அடுத்த ஆட்டம் மாமாவுடையது. கதை முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் அமாவாசை. மாமா குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுப்பது வழக்கம். நானும் குளிக்கலாம் என்று கூடப் போனேன். சீசன் ஓய்ந்து, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள்கூட ஊருக்குப் போயிருந்தார்கள். அமாவாசைக்கு வந்த கூட்டம் மட்டும்தான். மெயின் அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் யார் என்ன பேசினாலும் வெளியே கேட்காது. பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு என் மாமனாரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, பயபக்தியோடு விலகி இடம் கொடுத்தார்.

தலை துவட்டி, பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சை எடுத்தேன்.

"பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கு நான் சேரணும் மாமா."

"அதான் சொல்லியாச்சுல்லா. பொம்பளை சம்பாதிச்சு இந்த வீட்டுல உலை வைக்க வேண்டாம்."

"உலைக்குப் போகல. படிச்சிருக்கேன், அதுக்குப் போறேன்."

"படிச்சதைத்தான் தெனமும் மத்தியானம் எனக்குச் சொல்லுதியே. அது போதாதா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "சரி, வீட்டுல நடக்கிற போருல நான் ஜெயிச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் கொள்ளாத சிரிப்பு. "ஜெயிச்சாத் தாராளமாப் போ. நானே ரயிலேத்தி விடுதேன். தோத்தா?"

"தோத்தா உத்தரவைக் கிழிச்சு அடுப்புல போடுதேன்."

சொன்ன பிறகுதான் என் புத்தியை நானே நொந்துகொண்டேன். தோற்கிற சண்டையில் யாராவது பந்தயம் கட்டுவார்களா? பஸ்ஸில் தென்காசி வரும்வரை மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டு வாசலிலேயே கற்பூர வாசனை. அத்தை காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி முறித்தார்.

"நல்லாயிருப்பீங்க ரெண்டு பேரும்! நான் வாறதுக்குள்ள படி போட்டு, பொம்மையெல்லாம் வச்சு, கொலுவையே முடிச்சு வச்சிருக்கீங்களே! கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுசன் எனக்கு ஒரு பலகை தூக்கித் தந்ததில்ல, தெரியுமாட்டி?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் பட்டாசலுக்குள் எட்டிப் பார்த்தோம். என் அரிவாள்காரர்களுக்குப் பின்னால் மேல் படியில் மரப்பாச்சித் தம்பதி நின்றது. ரோமாபுரித் தளபதியின் குதிரைக்குப் பக்கத்தில் களிமண் பிள்ளையார். இரண்டு படைக்கும் நடுவில் செட்டியாரும் செட்டிச்சியும் கடை விரித்திருந்தார்கள். ஒரு ரோமாபுரிக்காரன் பாக்கியில்லாமல் எல்லார் காலடியிலும் குங்குமம்.

மாமா வாயைத் திறந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "ஆரத்தி காட்டியாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

"காட்டாம? வந்ததும் அதாம்லா மொத வேலை!"

ஆரத்தி காட்டிய கொலுவில் ஒரு பொம்மையையும் விஜயதசமி முடியாமல் அசைக்கக் கூடாது. அந்த விதியும் மாமாவுக்கு விதிதான். போர் அப்படியே நின்றது.

நவராத்திரி தொடங்கியது. தினமும் சாயங்காலம் தெருப் பெண்கள் சுண்டலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, இது எந்தக் கதை என்று கேட்டாள். எனக்குத் திக்கென்றது. அத்தை சற்றும் தயங்கவில்லை. "சூரசம்ஹாரம்லா! மலைமேல நிக்கிறவங்க முருகன் ஆளுங்க. கீழ இருந்து ஏறி வாறது அசுரப்படை. பாரு, எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி!" என்றார். அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா பேப்பரை இறக்கினார். அன்று முழுவதும் அவருக்கு மனசு ஆறவில்லை. "என் படையைப் போயி அசுரப்படைங்காளே, இவளுக்குக் கோட்டியா?" என்று என்னிடம் வந்து முறையிட்டார். நான் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மத்தியானம் ஆனால் மாமா என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பழக்கத்தில் பட்டாசலுக்கு வருவார். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொலுவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். பின்கட்டுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். படித்த பேப்பரையே திருப்பிப் படிப்பார். இப்போதுதானே காப்பி குடித்தீர்கள் என்றால், "அப்பிடியா?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அத்தையும் அதைக் கவனித்திருந்தார். சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார். "எஸ்டேட்டை விட்டு வந்த புதுசுலயும் இப்பிடித்தான். சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாவ. நீ வந்து அந்தப் பெட்டியைத் தொறந்த பொறவுதான் மனுசன் வாய்விட்டுச் சிரிச்சாவ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்பளை சம்பாத்தியம், உலை எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. நான் வேலைக்குப் போய்விட்டால் வருஷம் முழுவதும் அவருக்கு மத்தியானம் இப்படித்தான் இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம், அதனால்தான் அந்த "வேண்டாம்". பாவமாக இருந்தது எனக்கு. அதற்காக வேலையை விட்டுக்கொடுக்கலாமே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையை அன்று ராத்திரி எடுத்து மடித்து வைத்தேன். வைத்துவிட்டு, தோற்கப்போகிற சண்டைக்கு இது ஒரு கேடா என்று அழுகை வந்தது.

விஜயதசமி அன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்து, கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். கொலு முடிந்தது, சாமிகள் தூங்கலாம் என்று அர்த்தம். அத்தை எப்போதும் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்பார். அன்றைக்கு மரப்பாச்சியைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். "இவ நின்னுக்கிட்டு இருந்தாலும் பரவால்ல. அந்தப் பய பாவம், இத்தனை நாளா குதிரை மேலயே உக்காந்திருக்கான், இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று ரோமாபுரித் தளபதியைக் குதிரையோடு சேர்த்து அலுங்காமல் சாய்த்துப் படுக்க வைத்தார். ஒரு தாலாட்டும் பாடினார். ஆட்டத்தின் தலையும் தெரியாது வாலும் தெரியாது அவருக்கு.

மறுநாள் காலையில் அத்தை தன் பொம்மைகளை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். மாமா மலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். படுத்திருந்த தளபதியைப் பார்த்தார். விதித்தாள் அவருக்கு மனப்பாடம். எந்தக் காரணத்தால் சாய்ந்தாலும் சாய்ந்த பொம்மை வீழ்ந்ததாகக் கணக்கு. தளபதி வீழ்ந்தால் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். நாலும் அதற்கு மேலும் விழுந்தால் படை நிற்கும். குறைந்தால் திரும்பி ஓடும், அத்தோடு போர் முடிந்தது.

எனக்கே மனசு கேட்கவில்லை. "அத்தை தெரியாமச் செஞ்சது மாமா. எழுப்பி வைங்க," என்றேன்.

"விதின்னா விதிதான்," என்று கட்டையை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார்.

மூன்றும் மூன்றும். ஆறு. ரோமாபுரிப் படை அசையாமல் நிற்கும். அடுத்த ஆட்டத்தில் என் ஆட்கள் மிச்சமின்றிப் போய்விடுவார்கள். உத்தரவு அரிசிப் பானைக்கு மேல் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துவர எழுந்துவிட்டேன்.

மாமா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி முன்வரிசையில் நின்ற ஒரு ரோமாபுரிக்காரனை எடுத்து, முகத்தைப் பின்பக்கம் திருப்பி வைத்தார். அடுத்தவனையும் திருப்பினார்.

"மாமா, விழுந்தது ஆறு. நிக்கணும்."

"தெரியும்."

"பின்ன என்னத்துக்குத் திருப்புதீங்க?"

"ஓடுதானுவ."

"விதிப்படி..."

"ஏட்டி, படை என்னுதா ஒன்னுதா? எப்ப ஓடணும்னு எனக்குத் தெரியாதா? சவத்தை விடு, போ."

ஜெயித்தவள் நான்தான். நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதேன். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் வீரர்களைக் குங்குமம் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலை வண்டிக்குத்தானே போணும்? ஸ்டேஷனுக்கு நான் வாறேன்," என்றார்.

"சரி மாமா."

கடைசியாகத் தளபதியை எடுத்துக் குதிரையோடு பஞ்சில் படுக்க வைத்தார்.

"சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டுமா?"

"அரை நாள்தான் மாமா. மத்தியானம் வந்துருவேன்."

அவர் பெட்டியை மூடினார். "மத்தியானம் போதும்," என்றார்.